ஜீப் நிற்கும் இடத்தில் பொன்னுத்தாய்

1. பேசாத ஒரே ஆள்

பொன்னுத்தாயைக் கூட்டி வந்த அன்று என் அறையில் வாய் திறக்காத ஒரே ஆள் பொன்னுத்தாய்தான். மகன் பேசினார். கணவர் தலையாட்டினார், இடையில் ஒன்றிரண்டு வார்த்தை பேசவும் செய்தார். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த எங்கள் டைரக்டர் சாரும் தன் பங்குக்குப் பேசினார். யாருக்காக அந்தக் கூட்டமோ அவர் மட்டும் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கம்பத்தில் ஒரு டிரஸ்ட் நடத்திய குடும்ப ஆலோசனை மையத்தில் நான் கவுன்சிலராக வேலை பார்த்தேன். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன். சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் அவ்வப்போது போன் செய்து, "கிளையன்ட்டுக்கு கோல் செட் பண்றது எப்படி மேடம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பொன்னுத்தாயை நினைத்ததும் நிதானம் போய்விட்டது. பொன்னுத்தாய் என்பது நான் வைத்த பெயர். ஊர் காமயகவுண்டன்பட்டிப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு ஒரு அரசாங்க அலுவலகத்தில் வேலை. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. லீவு போட்டுவிட்டு வந்தவர் அந்த அட்டையைக் கழற்றாமல் வந்திருந்தார்.

"அம்மாவுக்கு மனசு சரியில்ல மேடம். சாப்பிட மாட்டேங்கிறாக. ராத்திரி தூங்க மாட்டேங்கிறாக. யாருகிட்டயும் பேச மாட்டேங்கிறாக. விடியிறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயி ரோட்டுல நிக்கிறாக. கூப்பிட்டா வர்றதில்ல. கையப் பிடிச்சு இழுத்துட்டு வர வேண்டியிருக்கு. ஊரே வேடிக்க பாக்குது."

"எப்ப இருந்து இப்படி?"

"வேலைய விட்டு நிப்பாட்டுனதுல இருந்துதான். கம்பம்மெட்டுக்கு அங்கிட்டு, கேரளாவுல ஏலக்காத் தோட்டத்துக்கு ஜீப்புல போயிக்கிட்டு இருந்தாக. இனிமே எதுக்கு? நான்தான் வேலைக்கு வந்துட்டேன்ல. தேனியில பொண்ணு வேற பேசி முடிச்சிருக்கு. பஜார்ல கடை வச்சிருக்கிற குடும்பம். எங்கம்மா கூலிக்குப் போறாகன்னு அங்கன சொல்ல முடியுமா?"

"ரோட்டுல எந்த இடத்துல நிக்கிறாக?"

இதற்குக் கணவர் பதில் சொன்னார். "ஜீப்பு நிக்கிற எடத்துலதான். வேற எங்கிட்டு?"

மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சுரீர் என்றது. ஒரு மனுஷியின் வேலையை நிறுத்துகிறீர்கள். அவர் தினமும் அந்த வேலைக்கு வண்டி ஏறுகிற இடத்தில், வண்டி வருகிற நேரத்தில் போய் நிற்கிறார். இதைவிட விளக்கமாக அவர் எப்படித்தான் சொல்ல வேண்டும்? ஆனால் இவர்கள் பேய் ஓட்டுகிற கோடாங்கியிடம் கூட்டிப் போய்க் கையில் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஒரு டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். அவர் பொன்னுத்தாயின் முகத்தைக்கூடப் பார்க்காமல், மகன் சொன்னதை மட்டும் கேட்டுத் தூக்க மாத்திரை எழுதியிருக்கிறார். மாத்திரை போட்டால் விடியற்காலையில் எழுந்திருக்க முடியாது அல்லவா? எழுந்திருக்க முடியாவிட்டால் ரோட்டில் போய் நிற்க மாட்டார். பிரச்சினை தீர்ந்தது!

அப்படியும் அவர் எழுந்து போய் நின்றிருக்கிறார். தள்ளாடிக்கொண்டு நின்றிருக்கிறார். அதனால்தான் எங்களிடம் கூட்டி வந்தார்கள்.

எங்கள் கேஸ் ஷீட்டில் 'கோல்' என்று, அதாவது எட்ட வேண்டிய இலக்கை எழுத, ஒரு இடம் உண்டு. டைரக்டர் சாருக்கு அது காலியாக இருந்தால் தூக்கம் வராது. "என்ன கோல் போட்டிருக்கீங்க மேடம்?" என்று அங்கேயே நின்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகன் சொன்னார்.

"அம்மா வீட்டுல நிம்மதியா இருக்கணும் சார். எங்களுக்கு அம்புட்டுத்தான் வேணும்."

"வெரி குட். அதையே போட்டுருங்க" என்றார் டைரக்டர். போட்டும் ஆகிவிட்டது. வீட்டில் நிம்மதியாக இருத்தல். யாருடைய நிம்மதி என்று அந்தத் தாளில் எழுத இடம் கிடையாது.

இது எங்கள் மையத்தில் மட்டும் நடந்த கூத்து என்று நினைக்காதீர்கள். இந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாலும் கூட்டி வந்தவர்தான் பேசுவார். கூட வந்தவருக்கு நாற்காலி முன்னால் போடுவார்கள், வியாதிக்காரர் பின்னால் உட்கார்வார். பொம்பளையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து கவுன்சிலிங் அறைக்குள்ளும் வைத்துவிட்டோம்.

2. கதவைச் சாத்திய பிறகு

அடுத்த முறை வந்தபோது மகனையும் கணவரையும் வெளியே உட்காரச் சொன்னேன். மகனுக்கு அது பிடிக்கவில்லை.

"எங்கம்மாவுக்குப் பேச வராது மேடம்."

"பரவாயில்ல. எனக்குக் கேட்க வரும்."

கதவைச் சாத்தினேன். பொன்னுத்தாய் கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார். மாத்திரை மயக்கத்தில் கண் செருகியிருந்தது. வேலை செய்து காய்த்துப்போன கைகள் மடியில் சும்மா கிடந்தன.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"மகனுக்கு நல்லபடியாக் கல்யாணம் முடியணும்."

"அது மகனுக்கு. உங்களுக்கு?"

"அவுக அப்பாவுக்கு மூட்டு வலி கொறையணும்."

"அது அவருக்கு. உங்களுக்கு?"

"எனக்கென்ன மேடம்? அவுக சொன்னாச் சரிதான்."

புதிதாக வருகிற பிள்ளைகள் இங்கேதான் ஏமாந்துபோவீர்கள். முதலில் வருகிற பதிலை எழுதிக்கொண்டு, கிளையன்ட்டே சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொள்வீர்கள். நம் ஊர்ப் பெண்ணிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பிள்ளைக்கு, புருஷனுக்கு, மாட்டுக்கு, கோழிக்கு என்ன வேண்டும் என்றுதான் வரிசையாகச் சொல்வாள். அவள் பேரில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. கேட்காத கேள்விக்கு அவளிடம் பதில் எப்படித் தயாராக இருக்கும்?

நான் கேள்வியை மாற்றினேன். "நாளைக்குப் பொழுது எப்படி விடிஞ்சா உங்களுக்கு நல்லாருக்கும்? எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க."

பொன்னுத்தாய் சேலைத் தலைப்பை எடுத்து விரலில் சுற்றினார். பிறகு சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"எந்திரிச்ச ஒடனே அடுப்பப் பத்த வச்சு, சோறு வடிச்சுத் தூக்குவாளியில போட்டுக்கிரணும். தலைக்குத் துண்டக் கட்டிக்கிட்டு ரோட்டுக்கு வரணும். ஜீப்புல டிரைவருக்குப் பின்னாடி ஓரத்துல என் எடம். மெட்டு ஏறுறப்பக் காத்து சில்லுன்னு மூஞ்சில அடிக்கும் பாத்துக்கங்க. எவளாச்சும் ஒருத்தி கதைய ஆரம்பிப்பா. நேத்து அவ வீட்டுல நடந்த சண்டை, மாமியா பேசுனது, புருஷன் பேசுனது. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும். தோட்டத்துல எறங்குனாக் காய் எடுக்கணும். அட்டை கடிக்கும், மழை பேயும். கங்காணி மலையாளத்துல கத்துவாரு, நாங்க தமிழ்ல திருப்பிக் கத்துவோம்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார். பேச வராது என்று மகன் சொன்னாரே, அந்த அம்மாதான்.

"வீட்டுல என்ன மேடம் இருக்கு? அலமாரில ஏனத்தத் தொடச்சு வச்ச மாதிரி வச்சிருக்காக. ஒக்காரு, படு, மாத்திரையப் போடு. வாசலுக்கு வந்தா உள்ள போம்மாங்கிறான்."

நான் கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வி இருந்தது. சாப்பிடாமல் தூங்காமல் இருப்பவரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். "செத்துப் போயிரலாம்னு எப்பவாச்சும் தோணுதா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எதுக்குச் சாகணும்? எனக்கு வேலைக்குல்ல போகணும்?"

அந்த மலை வேலையைப் பற்றி எனக்கு எந்த மயக்கமும் கிடையாது. ஏற்ற வேண்டிய ஆளுக்கு மேல் ஏற்றிக்கொண்டு வளைவில் பறக்கிற ஜீப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். இடுப்பு ஒடிந்து வருகிற பெண்களோடு பேசியிருக்கிறேன். அந்தக் கஷ்டம் வேண்டுமா வேண்டாமா என்பதை அதில் ஏறி உட்காருகிறவர்தான் சொல்ல வேண்டும். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற மகனோ நானோ டைரக்டரோ சொல்லக் கூடாது.

அன்றைக்கே தேனி பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அங்கே மனநல டாக்டர் ஒரு அம்மா. பொன்னுத்தாயை உட்கார வைத்து அவரிடமே பேசியிருக்கிறார். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்று சொல்லிவிட்டார். முகத்தைப் பார்த்துப் பேசுகிற டாக்டர்களும் இருக்கிறார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

3. எல்லாருக்கும் தையல் மெஷின்

"கிளையன்ட்டின் கோல் மறுபடியும் தோட்ட வேலைக்குப் போவது" என்று மாற்றி எழுதிக்கொண்டு டைரக்டரிடம் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பிரசங்கம் வரப்போகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"மேடம், கூலி வேலைக்குப் போறது ஒரு கோலா? நாம இவங்கள மேல கொண்டு வர்றதுக்கு இருக்கோம். ஃபேமிலி ஒரு கோல் சொல்லியிருக்கு. அதுக்குத்தான் வொர்க் பண்ணணும். பொழுதுபோகலன்னா நம்ம டெய்லரிங் கிளாஸ்ல சேத்து விடுங்க. வீட்டுல இருந்தே சம்பாதிக்கட்டும். குடும்பத்துக்கும் கௌரவம்."

தையல் மெஷின்! இந்தத் துறையில் நான் வெறுக்கிற சாமான் ஒன்று உண்டென்றால் அதுதான். மெஷினுக்குப் பாவம் ஒன்றும் தெரியாது. அதைக் கொடுக்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். புருஷன் அடிக்கிறானா, தையல் மெஷின். புருஷன் செத்துப்போனானா, தையல் மெஷின். படிப்பை நிறுத்திவிட்டார்களா, மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்க்க யாரும் அலைய வேண்டாம், தையல் மெஷின். எங்கள் சரகத்தில் கொடுத்த மெஷின்களை எல்லாம் ஓட்டினால் இந்தப் பள்ளத்தாக்குக்கே ஜாக்கெட் தைத்து, மிச்சத்துக்குக் கேரளாவுக்கும் அனுப்பலாம். பாதி மெஷின் மேல் இப்போது டி.வி. உட்கார்ந்திருக்கிறது.

இருந்தாலும் நான் பொன்னுத்தாயைக் கேட்டேன். கேட்காமல் நானே வேண்டாம் என்று சொன்னால் எனக்கும் டைரக்டருக்கும் என்ன வித்தியாசம்?

"தையல் மெஷினா? அதுலயும் வீட்டுக்குள்ள ஒத்தையிலதானக்கா ஒக்காரணும்?" என்றார் பொன்னுத்தாய். மேடமாக இருந்த நான் அதற்குள் அக்கா ஆகியிருந்தேன்.

டைரக்டரிடம் திரும்பிப் போய், "கிளையன்ட் வேண்டாம்னு சொல்றாங்க சார்" என்றேன்.

"அவங்களுக்கு என்ன தெரியும் மேடம்?"

சமூகப்பணியில் மேல்படிப்புப் படித்தவர் சொன்ன வார்த்தை இது. தன் வாழ்க்கையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்கிறார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். வைத்தேன் என்று மரியாதைக்கு எழுதுகிறேன். கூட வேலை பார்த்தவர்கள் எறிந்தேன் என்றுதான் சொல்வார்கள்.

4. சீட்டு முதலில்

கோல் தெரிந்துவிட்டால் போதாது. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று படி போட வேண்டும். எனக்குச் சொல்லிக் கொடுத்த வழி இதுதான்: முதலில் கணவரையும் மகனையும் உட்கார வைத்துப் பேசி வழிக்குக் கொண்டுவருவது. அதையே பொன்னுத்தாயிடம் சொன்னேன்.

"இல்லக்கா. மொதல்ல சீட்டு" என்றார்.

மலைக்குப் போகிற ஜீப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு ஜீப்புக்கு ஒரு செட் பெண்கள். டிரைவர்தான் தோட்டத்தில் வேலை பேசி, ஆள் சேர்த்து, ஏற்றி இறக்குகிறவர். வருஷக் கணக்காக ஒருத்திக்கு ஒரே இடம். காய்ச்சல், கல்யாணம், கருமாதி என்று சில நாள் வராமல் இருந்தால் அந்த இடம் அப்படியே கிடக்கும். அதற்கு மேல் போனால் வேறு ஒருத்தியை ஏற்றிவிடுவார்கள். ஏறிவிட்டவளை இறக்கக் கூடாது. அவளுக்கும் வயிறு இருக்கிறது என்பது அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு.

"சீட்டு போயிருச்சுன்னா நான் எவன்கிட்டச் சண்ட போட்டு என்னக்கா ஆகப்போகுது? போறதுக்கு வண்டி இல்லையே" என்றார். "அதனால டிரைவர்ட்ட மொதல்ல. அடுத்து தேனிக்குப் போயி சம்பந்தகாரியப் பாக்கணும். நான் இன்ன மாதிரி ஆளுன்னு என் வாயால சொல்லிப்புடணும். பொறகு எங்க வீட்டுக்காரரு. மகன்ட்டக் கடைசியாத்தான். அவன்ட்ட மொதல்ல சொன்னா மத்தது எதையும் செய்ய விடமாட்டான்."

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த வீட்டில் இருக்கப் போகிறவர் அவர். அந்த மகனை வளர்த்தவரும் அவர். அவர் போட்ட வரிசையை மாற்ற எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. சரி என்றேன். கேஸ் ஷீட்டிலும் அதே வரிசையில் எழுதினேன்.

விடியற்காலையில் ஜீப்பை நிறுத்தி டிரைவரிடம் பேசியிருக்கிறார். அவர், "காய் எடுப்பு தொடங்குற வரைக்கும் உன் எடத்த வச்சிருக்கேன் ஆத்தா. அதுக்கு மேல என்னையக் கொற சொல்லக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். காய் எடுப்புக்கு அதிக நாள் இல்லை. அதற்குள் மற்றதெல்லாம் முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் இடம் போய்விடும். மகனுடைய கல்யாணம் வரைக்கும், அதற்கு அப்புறமும், மாத்திரையும் அலமாரியும்தான்.

அந்த வாரம் பொன்னுத்தாய் வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தேனிக்குப் போனார்.

5. கூட்டத்தில் நடந்தது

மறுநாள் மகன் மையத்துக்குள் வந்த வேகத்தில் வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார். பின்னாலேயே பொன்னுத்தாயும் கணவரும். டைரக்டர் எல்லோரையும் தன் அறையில் உட்கார வைத்தார். குடும்பத்தாரிடம் நான் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று முன்கூட்டியே என் காதில் சொல்லியும் வைத்தார்.

"யாரக் கேட்டு எங்கம்மாவத் தேனிக்கு அனுப்புனீக?" என்றார் மகன். "கடைக்கே போயிருக்காக. அங்கன இருந்து மச்சான் போன் பண்ணி, உங்கம்மா வந்திருக்காகங்கிறாரு. எனக்கு ஆபீஸ்ல கையும் ஓடல காலும் ஓடல. சரி பண்ணித் தாங்கன்னுதான கூட்டிட்டு வந்தோம்?"

"நான் அனுப்பல. அவுகளாப் போனாக. யாரைக் கேட்டுன்னா, அவுகளைக் கேட்டுத்தான்."

டைரக்டர் குறுக்கே வந்தார். "மேடம், நாம குடும்பத்தச் சேத்து வைக்கத்தான் இருக்கோம். பிரிக்கிறதுக்கு இல்ல."

"யாரு சார் பிரிச்சா? காலையில வேலைக்குப் போயிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வர்றதுக்குப் பேரு பிரிவா? அப்படின்னா நீங்களும் நானும் தினமும் குடும்பத்தப் பிரிச்சுட்டுத்தான் இங்க வந்து உக்காந்திருக்கோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மகன் என்னை நோக்கிக் கையை நீட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"ஏலே, நான்தாம்ல போனேன். அவுகள ஏன் வையிற?" என்றார் பொன்னுத்தாய்.

அந்தக் குரலை அந்த அறையில் முதல் முறையாக எல்லோரும் கேட்டார்கள். மகனுடைய கை அப்படியே நின்றது.

"பொண்ணு வீட்டுல என்னம்மா நெனப்பாக?"

"அதக் கேட்டுட்டு வரத்தானல போனேன். நீ கேட்டியா? அந்தம்மா கடையில கூட்டம் நின்டுக்கிட்டு இருந்துச்சு, அம்புட்டுப் பேரையும் விட்டுட்டு என்னைய உள்ள கூட்டிட்டுப் போயிக் காப்பி குடுத்துச்சு. நான் ஏலத்தோட்டத்துக்குப் போறவ தாயி, இனிமேலும் போவேன், இத இப்பவே சொல்லிப்புடறேன்னேன். அந்தம்மா கையப் பிடிச்சுக்கிட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'உங்களுக்கு மேலுக்கு முடியல, வெளிய வர மாட்டீகன்னு மாப்ள சொன்னாக. எங்களுக்கு ஒரே பயம். தலைக்கு ஏதும் கோளாறோ, வம்ச வியாதியோ, பொறக்கிற பிள்ளைக்கும் வருமோன்னு. கல்யாணத்தத் தள்ளி வைப்போமான்னு வீட்டுல பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. நீங்க மலைக்குப் போறவுகன்னா நல்லா திடமாத்தான இருக்கீக'ன்னுச்சு. நீ கட்டுன கதையிலதான்டா ஓன் கல்யாணம் நின்டுருக்கும்."

 தேனிக்காரர்கள் கூலி வேலையைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று மகனாகவே நினைத்துக்கொண்டு, பெற்ற தாயை நோயாளி ஆக்கி, மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை படித்த இத்தனை பேரில் ஒருவர்கூட, மகன் உட்பட, சம்பந்தப்பட்டவரிடம் போய் நேராகக் கேட்கவில்லை.

"பிறகென்ன சார்?" என்றேன் மகனிடம். "பொண்ணு வீட்டுல ஒண்ணும் இல்ல. இப்ப அம்மா வேலைக்குப் போறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

அவர் தன் அப்பாவைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக உண்மையைச் சொன்னார்.

"அசிங்கமா இருக்கு மேடம். எங்க ஆபீஸ்காரங்க யாராச்சும் மெட்டு ரோட்டுல வர்றப்ப எங்கம்மா ஜீப்புல தொத்திக்கிட்டுப் போறதப் பாத்தா நான் எப்படி மூஞ்சியக் காட்டுறது?"

"சரி. உங்களுக்கு அசிங்கமா இருக்கு. அது உங்க கஷ்டம். அதுக்கு உங்கம்மா ஏன் மாத்திரை சாப்பிடணும்? புதன்கிழமை நீங்க தனியா வாங்க. உங்க பேர்ல ஒரு கேஸ் போடுவோம். அந்த அசிங்கம் எங்கிருந்து வந்துச்சுன்னு உட்கார்ந்து பேசுவோம். கிண்டலுக்குச் சொல்லல, நிஜமாத்தான் கூப்பிடறேன்."

டைரக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. அப்போது எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கணவர்தான்.

"போகட்டும்ப்பா" என்றார் மகனைப் பார்த்து. "அவ வீட்டுல இருக்கிறதப் பாக்க எனக்கே பாவமா இருக்கு."

இதை அவர் முதல் நாளே சொல்லியிருக்கலாம். நாங்களும் அவரைக் கேட்டிருக்கலாம்.

பொன்னுத்தாய் எழுந்து சேலையை உதறிச் செருகினார். "நீங்க பேசிக்கிட்டு இருங்க. நான் போயி மாவு அரைச்சு வைக்கணும். நாளைக்கு வெள்ளன எந்திரிக்கணும்" என்றார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

6. யார் வரவில்லை

காய் எடுப்பு தொடங்குவதற்கு முன்பே பொன்னுத்தாய் டிரைவருக்குப் பின்னால் ஓரத்து இடத்தில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமும் குறித்த தேதியில் நடந்தது. இடையில் ஒரு நாள் மையத்துக்கு வந்தவர் நன்றாகச் சாப்பிடுவதாகவும் படுத்தால் அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம் வருவதாகவும் சொன்னார். கையில் கட்டிய கயிறு அட்டைக் கடியில் சொறியும்போது அறுந்துவிட்டதாம்.

ரிவ்யூ மீட்டிங்கில் டைரக்டர் அந்தக் கேஸைத் தோல்வி என்று வாசித்தார். "முதலில் எழுதிய கோல் வீட்டில் நிம்மதியாக இருத்தல். கிளையன்ட் வீட்டில் இல்லை. ஆகவே கோல் நிறைவேறவில்லை." நான் எழுந்து, "சார், சாப்பிடாதவர் சாப்பிடுறாங்க, தூங்காதவர் தூங்குறாங்க, பேசாதவர் பேசுறாங்க, வேற என்ன சார் நிறைவேறணும்?" என்றேன். அவர் அடுத்த கேஸுக்குப் போய்விட்டார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் நான் போடவில்லை. அதற்காக எனக்கு ஒரு மெமோ வந்தது. பதிலும் எழுதவில்லை.

இதுவரை சொன்னதில் உங்களுக்குப் பிரயோஜனமானது ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கூட வந்தவரை வெளியே உட்கார வையுங்கள். முதல் பதிலை நம்பி எழுதாதீர்கள். எதை முன்னால் செய்வது என்பதையும் அவர்களையே கேளுங்கள். ஆனால் என் கோபம் முழுக்க இதில் இல்லை.

மகனுக்கு நான் குறித்த புதன்கிழமை அவர் வரவில்லை. அடுத்த புதன்கிழமையும் வரவில்லை. போன் செய்தேன். "எனக்கு என்ன மேடம்? நான் நல்லாத்தான இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். பொன்னுத்தாய் இப்போதும் மலைக்குப் போகிறார். மகன் இப்போதும் தன் ஆபீஸில் அம்மா வீட்டில் இருப்பதாகத்தான் சொல்கிறாராம். சிரித்துக்கொண்டேதான் பொன்னுத்தாய் இதைச் சொன்னார். சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒன்றை என்னால் சரி செய்ய முடியவில்லை. மகன் தானாக வந்தால்தானே முடியும்?

என் அறைக்கு வந்தவர்களை எல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். அடி வாங்கியவள் வந்தாள், அடித்தவன் வரவில்லை. படிப்பு நின்றுபோன பெண் வந்தாள், நிறுத்திய மாமா வாசலில் பைக்கை விட்டு இறங்காமல் இருந்தார். பிள்ளை இல்லை என்று மருமகளைக் கூட்டி வந்தார்கள், மகன் வேலையாக இருப்பதாகச் சொன்னார்கள். யாருக்கு வைத்தியம் வேண்டுமோ அவர்கள் ஒருநாளும் வருவதில்லை. அவர்களிடம் மாட்டிக்கொண்டவர்களைத்தான் நம்மிடம் இழுத்து வருகிறார்கள். நாமும் அந்த மனுஷியை உட்கார வைத்து, கொஞ்சம் பொறுத்துப் போம்மா என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறோம்.

நாளைக்கு உங்கள் அறைக்கும் ஒருவர் வருவார். இன்னொருவரைத் தோளில் கைவைத்து உங்கள் முன்னால் உட்கார வைப்பார். "இவுகளக் கொஞ்சம் சரி பண்ணி விடுங்க" என்பார். பேனாவை எடுக்காதீர்கள். கூட்டி வந்தவரைப் பார்த்துக் கேளுங்கள்: "அது இருக்கட்டும். உங்களுக்கு என்ன செய்யுது?"